ராஜாவைக் கோல் போட வைத்தவர்

எங்கள் ஊரில் அவரிடம் தோற்றவர் என்று ஒருவர் கூடக் கிடையாது. வீடு வீடாகக் கேட்டுக் கணக்கெடுத்தவன் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன். சீட்டாட்டத்தில் அவரை ஜெயித்தவர்கள் உண்டு, ஆடு புலி ஆட்டத்தில் ஜெயித்தவர்கள் உண்டு, திருவிழாவில் கயிறு இழுத்து ஜெயித்தவர்கள் உண்டு. கீரைக்காரி அவரைப் பேரத்தில் ஜெயித்துவிட்டுக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு பாதித் தெரு போன பிறகு சந்தேகம் வந்து திரும்பினாள்.

"இன்னா அண்ணாத்தே, நெசமாவே நான்தான் ஜெயிச்சேனா?"

"நீதாம்மா. இன்னிக்கு எனுக்கு வாய் ஓடல" என்றார் அவர், மிகுந்த வருத்தத்தோடு. அவள் நிம்மதியில்லாமல் போனாள்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. ஊரிலும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பந்துக்காரர் என்றால்தான் தெரியும். எங்கள் ஊர் ஆவடிக்கும் வெள்ளானூருக்கும் நடுவில், ஏரிக்குக் கீழே இருந்தது. நான் சொல்வது சண்டைக் காலம். வெள்ளைக்காரன் ஆண்டுகொண்டிருந்தான், பட்டாளம் வந்து கூடாரம் அடித்திருந்தது. நான் பள்ளி இறுதி வகுப்புத் தேறி, அம்பத்தூரில் ஒரு நெல் மண்டியில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணும் புத்தி அங்கே பிடித்ததுதான், இன்னும் விடவில்லை.

பந்துக்காரர் இளவயதில் பெரம்பூர்ப் பக்கம் ஒரு பட்டறை அணிக்கு வெறுங்காலோடு ஆடியவர். பிறகு ரங்கூனுக்குக் கப்பலேறி, ஒரு மர அறுவை ஆலையின் அணியில் வலது ஓரத்தில் ஓடினார். அங்கே அவர் ஆட்டத்தைப் பார்த்த ஒரு தீவு ராஜா, தன் நாட்டு அணிக்குக் கற்றுக்கொடுக்க அவரை அழைத்துக்கொண்டு போய்விட்டார். எந்தத் தீவு என்று கேட்டால் ஒரு பெயர் சொல்வார். மூன்று தேசப்படங்களில் தேடிவிட்டேன், அந்தப் பெயர் இல்லை.

"சின்னத் தீவுப்பா. படம் போட்டவன் பென்சில் முனைக்குள்ள பூட்டிருக்கும்" என்பார்.

அந்த அணியின் தலைவர் ராஜாவேதான். முன்னால் நின்று கோல் போடும் இடமும் அவருடையதுதான். நல்ல கனமான ராஜா. அவர் ஓடும்போது பட்டுக்குடை பிடிப்பவன் ஒருவன் கூடவே ஓட வேண்டும். அப்படியானால் ஒரு பக்கத்தில் பன்னிரண்டு பேர் ஆகிவிடாதா என்று நான் கேட்டேன். "குடை ஆளக் கணக்குல சேக்க மாட்டாங்க, அவன் பந்தத் தொட மாட்டான்" என்றார். இருந்தாலும் எனக்கு அது இன்னும் உறுத்துகிறது. ராஜாவுக்கு யாரும் முதுகைக் காட்டக் கூடாது என்பது அந்த நாட்டுச் சட்டம். ராஜாவோ எதிராளியின் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில்தான் நிற்பார். ஆகவே நாட்டு அணி முழுக்கப் பின்பக்கமாக ஓடக் கற்றுக்கொண்டது. கற்றுக்கொடுத்தவர் இவர்.

இவருடைய முக்கியமான வேலை வேறு. ராஜா கோல் போட வேண்டும். தனக்காகத்தான் விட்டுக்கொடுக்கிறார்கள் என்பது ராஜாவுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் தலை போகும்.

"ஜெயிக்கறது காலு வேலை. ஜெயிக்க வெக்கறதுதான் மூளை வேலை" என்பார் பந்துக்காரர். இதை என்னிடம் மட்டும் பத்துத் தடவைக்குக் குறையாமல் சொல்லியிருப்பார்.

நாட்டு அணி வெளியாரோடு ஆடியது ஒரே ஒரு முறை. கரையில் ஒதுங்கிய ஒரு கப்பலின் மாலுமிகளோடு. அவர்களுக்கு இவர் பாஷை தெரியாது, இவருக்கு அவர்கள் பாஷை தெரியாது. விட்டுக்கொடுங்கள் என்று எப்படிச் சொல்வது? மத்தியானம் அவர்களுக்கு நண்டுக் குழம்பும் நெய்ச் சோறும் இரண்டு வகைப் பாயசமும் போட்டார். மாலையில் பாதிப் பேர் மைதானத்தில் உட்கார்ந்தே ஆடினார்கள். ராஜா ஏழு கோல் போட்டார். தீவு முழுக்க மூன்று நாள் விடுமுறை.

பிறகு அந்த ராஜா இறந்துபோனார். மகனுக்குப் பந்தில் நாட்டமில்லை, சேவல் சண்டையில்தான். எதிராளியின் சேவல்களுக்குத் தோற்கக் கற்றுக்கொடு என்று புது ராஜா இவரிடம் கேட்டார்.

"சேவலுக்கு அவ்ளோ பக்குவம் வராதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்" என்றார்.

அவர் கொண்டு வந்தவை ஒரு வெள்ளி விசிலும் அந்தப் பட்டுக்குடையும்தான். அவர் மனைவிக்கு ஏரியின் கடைமடையில் ஒரு காணி நிலம் இருந்தது. அவள் அப்பா கொடுத்தது. புருஷன் கடல் தாண்டியிருந்த பன்னிரண்டு வருஷமும் அவளே நாற்று விட்டு, அவளே அறுத்து, அதில் வந்ததைச் சாப்பிட்டவள். அவர் ராஜா கதையை ஆரம்பித்தால் அவள் உள்ளே இருந்து குரல் கொடுப்பாள்.

"ராஜா எனுக்கு ஒரு படி அரிசி அனுப்பினானா? அந்தக் காணிதான் எனுக்குச் சோறு போட்டுது."

"கரெக்டுமே. நீ சொல்றதுதான் கரெக்டு."

"பாத்தியா, இதுக்கும் வுட்டுக் குடுக்கறான்! இவன்கூட ஒரு சண்டையாச்சும் முழுசாப் போட முடியுதா?" என்று என்னிடம் முறையிடுவாள்.

அந்த வருஷம் பட்டாளத்தார் முள்கம்பி வேலி இழுத்தபோது ஏரியின் மதகு வேலிக்கு உள்ளே போய்விட்டது. மதகுச் சாவி முகாமின் மேஜர் துரையிடம். இன்னும் மூன்று நான்கு வாரத்தில் சம்பா கதிர் பால் பிடிக்கும். அதற்குள் ஒரே ஒரு தண்ணீர் போதும், அது இல்லாவிட்டால் அத்தனையும் பதர். ஊர்ப் பெரியவர்கள் இரண்டு முறை போய்க் கும்பிட்டார்கள். இங்கிலீஷ் தெரிந்தவன் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். பாதுகாப்பு, முடியாது என்று இரண்டு வார்த்தையில் துரை முடித்துவிட்டார். எங்கள் நிலம் எல்லாமே வெடிக்க ஆரம்பித்தது. முதலில் வெடித்தது கடைமடை.

மேஜருக்குப் பந்தாட்டப் பைத்தியம் உண்டு என்று முகாமுக்குப் பால் ஊற்றுபவன் சொன்னான். ஒரு கோல் போட்டால் அன்றைக்கு முழுக்கச் சிரித்த முகம், கேட்டதெல்லாம் கிடைக்கும். ஆனால் அவருக்குப் பந்து காலில் படுவதே அபூர்வம். தன் சிப்பாய்களோடு ஆடினால் அவர்கள் விட்டுக்கொடுப்பது தெரிந்துவிடுகிறது, கோபம் வந்துவிடுகிறது. வெளியாளோடு ஆட வேண்டும் என்று துடிக்கிறாராம்.

பந்துக்காரர் எழுந்து நின்றார். அப்படி ஒரு வெளிச்சத்தை அவர் முகத்தில் நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"வேலை வந்துடுச்சு" என்றார்.

பால் ஊற்றுபவனிடம் சொல்லி அனுப்ப, துரை நாள் குறித்தார். ஆட்டத்துக்கு மூன்று வாரம் இருந்தது. பதினோரு பேரைச் சேர்த்தார். நான் வலது ஓரம். மாட்டுவண்டி ஓட்டும் முனுசாமி கோல் கம்பத்தில். எங்கள் ஊர் அதுவரை எந்த ஊரையும் பந்தில் ஜெயித்ததில்லை. ஆகவே தோற்பது சுலபம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அங்கேதான் சிக்கல். பந்தைத் தவறவிட வேண்டும் என்று காலை வீசினால் சரியாகப் போய்ப் பட்டது. அதுவரை எங்களுக்கு அகப்படாத பந்து, வேண்டாம் என்றவுடன் காலைச் சுற்றி வந்தது. முனுசாமியோ ஆள் வருவதற்கு முன்பே தரையில் சாய்ந்துவிட்டான்.

"டேய், பாய் போட்டுப் படுக்கறியாடா?" என்று கத்தினார் பந்துக்காரர். "அரை மூச்சு லேட்டாக் குதி. கை பந்துகிட்டப் போவணும், பந்து கையிலப் படக் கூடாது. கோல் வுழுந்ததும் மொதல்ல தரையக் குத்து. அப்பால பக்கத்துல கீறவனத் திட்டு."

"இன்னானு திட்றது அண்ணாத்தே?"

"நெசமாத் தோத்தா இன்னானு திட்டுவியோ அப்டி."

பின்பக்கமாக ஓடவும் கற்றுக்கொடுத்தார். எதிராளி நம்மைத் தாண்டும்போது பார்த்துக்கொண்டே தாண்டவிட அதுதான் வசதியாம். அண்ணனூர் ரோட்டில் காலையில் பதினோரு பேர் பின்பக்கமாக ஓடுவோம். ஒரு வைக்கோல் வண்டிக்குள் இரண்டு முறை புகுந்திருக்கிறேன்.

மேஜர் போல ஒருவர் வேண்டும், அவரை வைத்துப் பழக வேண்டும் என்றார். கனமான ஆள், சொன்னால் சொன்னபடி நடக்கும் என்று பழகியவர், கேலி செய்தால் கடித்துவிடுபவர். எங்கள் ஊரில் அப்படி ஒருவர்தான் இருந்தார். பெரிய வீட்டு நைனா. முப்பது காணிக்குச் சொந்தக்காரர். ஏரித் தண்ணீரை யார் நிலத்துக்கு எப்போது விடுவது என்ற முறையும் அவர் சொல்வதுதான். விஷயத்தை அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யலாமே என்றேன்.

"சொல்லிட்டா பரீட்சை இன்னாத்துக்கு? இவருக்குத் தெரியாமச் செய்ய முடிஞ்சாத்தான் தொரைக்குத் தெரியாமச் செய்ய முடியும்" என்றார் பந்துக்காரர்.

நைனா வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் நாள் மூன்று கோல் போட்டார். இரண்டாம் நாள் ஐந்து. நாங்கள் தேறிக்கொண்டே வந்தோம். மூன்று வாரத்தில் அவர் வந்து ஆடிய எட்டு நாளில் போட்டவை அறுபத்தொன்று. கம்பத்தில் பட்டுத் திரும்பியவற்றை நான் சேர்க்கவில்லை. ஒரு தடவை கூட அவருக்குச் சந்தேகம் வரவில்லை. எங்கள் திறமை அப்படி. பந்துக்காரர் எங்களைப் பார்த்துப் பெருமையில் கண் கலங்கினார்.

ஆட்டத்தன்று நைனா பட்டணத்தில் வாங்கிய புது பூட்ஸோடு வந்து நின்றார். மீசைக்கு எண்ணெய் போட்டிருந்தார்.

"நான் முன்னால நிக்கிறேன். நம்ம ஊரு மானம் இன்னிக்கு என் கால்ல கீது" என்றார்.

பந்துக்காரர் அந்தப் பூட்ஸைப் பார்த்தார். "நைனா, வெயிலு ஜாஸ்தியாக் கீதே. நீங்க நாற்காலி போட்டுக் குந்திப் பாத்தா..."

"அறுவது கோலு போட்டவன் குந்திப் பாக்கறதா? இன்னாயா பேசற?"

அறுபத்தொன்று என்று நான் திருத்தப் போனேன். பந்துக்காரர் என் காலை மிதித்தார். இத்தனை நாள் உங்களுக்கு விட்டுக்கொடுத்தோம் என்று அந்த மனிதரிடம் யார் சொல்வது? சொன்னவன் நிலத்துக்குப் பிறகு தண்ணீர் வருமா?

பந்துக்காரர் எங்களில் ஒருவனை வெளியே நிறுத்திவிட்டு நைனாவைச் சேர்த்துக்கொண்டார். "நைனாகிட்ட பந்து போவக் கூடாது" என்று மட்டும் எங்கள் காதில் சொன்னார்.

ஊரே வேலி ஓரம் கூடியிருந்தது. பந்துக்காரரின் மனைவி அரிவாளோடு முன்வரிசையில் நின்றாள். மாட்டுக்குப் புல் அறுத்த கையோடு வந்தவள். மேஜர் சிவந்த முகத்தோடு ஓடினார். பந்தை அவர் காலடியில் கொண்டுபோய் வைத்தோம். அவர் காற்றை உதைத்தார். முனுசாமி எட்டு முறை அழகாக, அரை மூச்சு தாமதமாகப் பாய்ந்தான். எட்டு முறையும் பந்து அங்கே வந்து சேரவில்லை.

அப்போது யாரோ தவறவிட்ட பந்து உருண்டு நைனாவிடம் போய்விட்டது. நைனா தொந்தியோடு கிளம்பினார். தடுக்க வேண்டும் என்று எங்கள் ஆட்களே குறுக்கே ஓடினார்கள். ஆனால் மூன்று வாரப் பழக்கம் விடுமா? அவர் கிட்டே வந்ததும் ஒவ்வொருவனாக நேர்த்தியாக வழுக்கி விழுந்தான். முகாம் சிப்பாய்களுக்கு அதைவிட நெடுநாள் பழக்கம். கனமான உடம்பு, பெரிய மீசை, புது பூட்ஸ், அதட்டல் குரல். எதிரே வருவது யார் என்று யோசிக்காமல் கால்கள் தானாக விலகின. கோல் காப்பவன் ஒரு சல்யூட்டே வைத்துவிட்டான்.

கோல்.

எங்கள் ஊர் கோல் போட்டதற்கு எங்கள் ஊரே இழவு விழுந்தது போல நின்றது. நைனா மட்டும் கைகளைத் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார். மேஜர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"யோவ்!" என்று வேலி ஓரத்திலிருந்து ஒரு குரல். "ஏதாச்சும் பண்ணுயா! என் பயிரு!"

பந்துக்காரர் என்னிடம் ஓடி வந்தார். "காலு புடிச்சுக்கிச்சுன்னு சொல்லிட்டு நீ வெளியே வா" என்றார். நான் நொண்டினேன். அவர் வேட்டியை வரிந்துகொண்டு இறங்கினார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் அவருக்கு.

அடுத்துப் பார்த்ததை விவரிக்க எனக்குத் திராணியில்லை, இருந்தாலும் சொல்கிறேன். யாரிடமிருந்தோ பந்தை எடுத்தார். மேஜரைப் பார்த்தபடியே பின்பக்கமாக ஓடி, எங்கள் கோல் பக்கம் இழுத்துக்கொண்டு வந்தார். மேஜர் துரத்தினார். கம்பத்துக்கு ஐந்தடி முன்னால் பயந்தவர் போல ஓங்கி உதைத்தார். பந்து மேஜரின் மார்பில் பட்டு உள்ளே போனது. முகாம் ஆர்ப்பரித்தது. ஆட்டம் முடியும் நேரத்தில் மறுபடி. இந்த முறை வழுக்கி விழுந்தார். பந்து மேஜர் முன்னால் தனியாக நின்றது. முனுசாமி வேறு பக்கம் பாய்ந்து முடித்துவிட்டான். மேஜர் உதைத்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. தரையில் குப்புறக் கிடந்தவர், பார்க்காமல், குதிகாலால் ஒரு தட்டுத் தட்டினார். பந்து மேஜரின் முழங்காலைத் தேடிப் போய்ப் பட்டு, கம்பத்துக்குள் உருண்டது.

அந்தக் குதிகாலை நான் ஒருவன்தான் பார்த்தேன் என்று நினைக்கிறேன். மற்ற எல்லோரும் மேஜரைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

துரை வேர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார், நல்ல ஆட்டம், ஆனால் இந்த வயதில் உங்கள் கிழவர் இறங்கியிருக்கக் கூடாது, உங்கள் தோல்விக்கு அவர்தான் காரணம். நான் தமிழில் சொன்னேன்.

"ரொம்பக் கரெக்டு தொர" என்றார் பந்துக்காரர், தலை குனிந்து.

துரை சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஏரித் தண்ணீரைக் கேட்டேன், அன்று மாலையே மதகு திறந்தது.

ஆனால் நைனாவை மறந்துவிட்டோம். ஊர் ஜெயித்திருக்க வேண்டியது, தன் கோலை அந்தக் கிழவன் வீணாக்கிவிட்டான் என்று பந்துக்காரர் வீட்டு வாசலில் நின்று கத்தினார். எல்லா நிலத்துக்கும் தண்ணீர் பாய்ந்தது. கடைமடைக் காணிக்குப் போகும் கால்வாயின் வாயில் மட்டும் புல்கட்டியை வைத்து அடைத்துவிட்டார். இரண்டு நாள் ஆயிற்று. துரை மதகை மூடச் சொல்லிவிட்டார், நாளைக்குக் கடைசி என்று செய்தி வந்தது. பந்துக்காரரின் மனைவி நைனா வீட்டு வாசலுக்கே போய் நின்றாள். நாங்களும் கூடப் போனோம்.

"நைனா, இவன் மேல கோவம்னா இவன ரெண்டு அடி அடி. பயிரு இன்னா பண்ணுச்சு?"

நைனா யோசித்தார். "சரி, அடிக்கிறேன். பந்தால அடிக்கிறேன். இவன் கோல் கம்பத்துல நிக்கட்டும், ஊரு பாக்கட்டும். நான் கோலு போட்டுக்கினு இருக்கற வரிக்கும் தண்ணி ஓடும். என் பந்து ஒண்ணு தடுத்தான்னா அங்கியே அடைச்சுடுவேன்."

மறுநாள் மத்தியானம் கால்வாய் ஓரத் தரிசில் இரண்டு ஏர்க்கால்களை நட்டார்கள். நைனாவின் ஆள் புல்கட்டியை எடுத்துவிட்டு மண்வெட்டியோடு பக்கத்திலேயே நின்றான். தண்ணீர் கிளம்பியது. வெடித்த நிலம். ஒவ்வொரு வெடிப்பும் குடித்துவிட்டுத்தான் தண்ணீரை அடுத்த வெடிப்புக்கு விட்டது. மனைவி வரப்பு மேல் நின்று அதைப் பார்த்தாள். நான் கோல்களை எண்ணினேன்.

ஐந்து கோல் போட்டதும் நைனா சலித்துவிட்டார். "ஆளே இல்லாத மாதிரிக் கீதுய்யா" என்று திரும்பினார். மண்வெட்டிக்காரன் குனிந்தான். உடனே பந்துக்காரர் ஆட்டத்தை மாற்றினார். அடுத்த பந்து அவர் விரல் நுனிக்கு நெல்லளவு தள்ளிப் போனது. அதற்கடுத்ததை வயிற்றில் வாங்கி, அது நழுவி உருள்வதைப் பார்த்து "ஐயோ" என்றார். ஒன்றை மூக்கில் வாங்கினார், ரத்தம் வந்தது. நைனாவுக்கு உற்சாகம் பொங்கியது. "இத்தப் புடி பாக்கலாம் கெயவா!" என்று கூவினார். மோர் குடித்தார், மறுபடி வந்தார். இருபது ஆயிற்று. முப்பது ஆயிற்று. பந்துக்காரர் ஒவ்வொன்றுக்கும் பாய்ந்தார். விட்டுவிட்டு எழுவதே பாய்வதைவிடக் கஷ்டமாக இருந்தது அவருக்கு. முழங்கை இரண்டும் உரிந்துவிட்டன. முப்பத்தெட்டுக்குப் பிறகு எழும்போது தரையில் கை ஊன்றினார்.

"எங்கமே வந்துது?" என்று ஒரு முறை கேட்டார்.

"பாதி!"

நாற்பத்தைந்து. ஐம்பது. வெயில் தாழ்ந்தது. ஊரில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். ஐம்பத்திரண்டாவது கோல் விழுந்தபோது வரப்பு மேலிருந்து அவள் கத்தினாள்.

"கடைசி வரப்பத் தொட்டுச்சுயா! ரொம்பிடுச்சு!"

நைனா அதைக் கவனிக்கவில்லை. பந்தை வைத்துவிட்டுப் பத்தடி பின்னால் போய் ஓடி வந்தார். அவர் ஆயுளில் அடித்த ஒரே நல்ல பந்து அதுதான். வலது மூலையில், உயரத்தில், சுழன்றுகொண்டு போனது. பட்டாளத்தில் எவனாலும் அதைத் தடுத்திருக்க முடியாது.

பந்துக்காரர் தரையிலிருந்து கிளம்பியதை நான் பார்க்கவில்லை. குறுக்கே, நீட்டிக்கொண்டு, காற்றில் இருந்ததைத்தான் பார்த்தேன். இறங்கியபோது பந்து அவருடைய ஒரு கையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

 நைனா கிட்டே வந்து பார்த்தார்.

"இன்னாயா இது?"

பந்துக்காரர் கையில் இருந்த பந்தைப் பார்த்தார். பிறகு அதை வேட்டியால் துடைத்து, நைனாவின் காலடியில் பக்குவமாக வைத்தார்.

"தெரியாமக் கை பட்டுடுச்சு நைனா."

"போதும், வாயா" என்றாள் அவர் மனைவி. "தண்ணி வழியுது, மடைய அடைக்கணும்."

அவர் மண்வெட்டிக்காரன் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டு அவள் பக்கம் நடந்தார்.